ஏழு காடிகள், ஒரு காகிதத் துண்டு

பதினெட்டு வயதில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தேன். முதல் சில வாரங்களுக்கு ஒரே வேலைதான். உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் இரும்புக் கட்டையை வைஸில் இறுக்கி, ஆறு முகங்களும் மட்டமாகும்வரை அரத்தால் அராவ வேண்டும். மாலையில் வாத்தியார் வருவார். மூலைமட்டத்தைக் கட்டையின்மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இடையில் மயிரிழை வெளிச்சம் கசிந்தால் போதும், ஒரு வார்த்தை பேசாமல் கட்டையை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த பையனிடம் போய்விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் கோயம்புத்தூரில் டூல்ரூம்களில் கழிந்தன. லேத், மில்லிங், கடைசிக் காலத்தில் கணினி பார்த்துச் செதுக்கும் இயந்திரங்கள் என்று எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் பளபளக்கும் உலோகத்தைப் பார்த்தால் இன்றும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்கத்தான் கை போகிறது. போன ஆண்டு பென்சில்வேனியாவில் ஒருவர் என் கையில் ஒரு பழைய துப்பாக்கியைக் கொடுத்தபோதும் அதைத்தான் செய்தேன். அவர் சிரித்துவிட்டார். "துப்பாக்கியைக் கொடுத்தால் எல்லாரும் தோளில் வைத்துக் குறி பார்ப்பார்கள். நீங்கள்தான் கீழிருந்து மேலாக அதன் வயிற்றைப் பார்க்கிறீர்கள்" என்றார்.

மகன் ஹாரிஸ்பர்க் பக்கம் வேலை பார்க்கிறான். அங்கே போன இரண்டாவது வாரமே எனக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது. வீட்டிலிருந்த கதவுக் கீல்களையெல்லாம் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினேன். மருமகள் மகனிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். மறுவாரமே, "அப்பா, என்னோடு வேலை செய்பவரின் மாமனார் ஒருவர் இருக்கிறார். பழைய காலத்து முறையில் துப்பாக்கி செய்கிறார். போய்ப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டான். துப்பாக்கியா என்று தயங்கினேன். கோழி அறுப்பதையே திரும்பி நின்று பார்க்காதவன் நான். பட்டறை என்று அவன் சொன்ன ஒரு சொல்லுக்காகத்தான் காரில் ஏறினேன்.

லாங்காஸ்டர் கவுண்டியில் சோளக்கொல்லைகளுக்கு நடுவே ஒரு பழைய களஞ்சியம். அதில் பாதிதான் அவருடைய பட்டறை. பெரியவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சுவரில் இரண்டு துப்பாக்கிகள் தொங்கின. ஒன்று அவர் செய்துகொண்டிருப்பது. இன்னொன்று 1790களில் லாங்காஸ்டரில் செய்தது என்பது அவர் கணிப்பு. செய்தவன் பெயர் பொறிக்கவில்லை. நான் வெளிச்சத்துக்குப் பிடித்தது அந்தப் பழையதைத்தான்.

முதலில் அதன் நீளத்தைச் சொல்ல வேண்டும். நட்டுக்க நிறுத்தினால் என் மூக்குக்கு வருகிறது. குழல் மட்டும் 44 அங்குலம். வெளிப்புறம் எட்டுப் பட்டை. அந்த எட்டுப் பட்டைகளும் நேர்க்கோட்டில் போகவில்லை. அடிப்பக்கம் கனமாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, வாய்க்குச் சில அங்குலம் முன்னால் மறுபடி மெல்ல விரிகின்றன. தோளில் வைத்தால் முன்பாரம் தெரியாமலிருக்க அந்த இளைப்பு. நாதஸ்வரத்தின் அணைசு அளவுக்கு விரிவு கிடையாது. விரலால் தடவினால்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஆறு முகக் கட்டையை மட்டமாக்க நான் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். இங்கே எட்டு முகங்கள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல், அதிலும் வளைந்து போகிற மட்டம். மூலைமட்டம் வைத்துச் சோதிக்கவே வழியில்லை. விளிம்புகள் அடியிலிருந்து நுனிவரை முறியாமல் ஓடுகின்றன. ஒரே ஓரிடத்தில், குழலை ஏந்தும் மரக்கட்டைக்குள் மறைந்திருக்கும் அடிப்பட்டையில், அரத்தின் குறுக்குத் தடங்களை அப்படியே விட்டிருந்தான். யாரும் பார்க்காத இடத்தில் சோம்பல்பட்டிருக்கிறான். அதைப் பார்த்ததும் அந்தப் பெயர் தெரியாத ஆள் எனக்கு மிகவும் நெருங்கியவனாகிவிட்டான்.

இந்த வகைத் துப்பாக்கியைக் கென்டக்கி ரைஃபிள் என்று உலகம் அழைக்கிறது. லாங்காஸ்டர்காரர்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. பிறந்தது பென்சில்வேனியாவில், 1815ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் சண்டைக்குப் பின் பரவிய ஒரு பாட்டால் பெயர் மட்டும் கென்டக்கிக்குப் போய்விட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் குடியேறிய கொல்லர்கள்தாம் இதை உருவாக்கினார்கள். லாங்காஸ்டரில் பேர் வாங்கிய ஜேக்கப் டிக்கர்ட் 1740இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்தவர். அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தது யேகர் என்னும் வேட்டைத் துப்பாக்கி. குட்டையானது, வாய் பெரியது. அதை இந்தப் புதிய மண்ணில் இழுத்து நீட்டி, மெலிய வைத்தார்கள்.

ஏன் நீட்டினார்கள் என்பதற்குப் பெரியவர் ஈயக் குண்டுகளை மேஜையில் கொட்டிக் காட்டினார். யேகரின் வாய்க்கு ஏற்ற குண்டு என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் 20 தேறும். அவருடைய துப்பாக்கியின் வாய் 0.45 அங்குலம், அதே ஈயத்தில் 50 தேறும். கடைக்குப் போக நாள்கணக்காக நடக்க வேண்டிய காட்டில் ஈயத்தையும் மருந்தையும் முதுகில் சுமந்துகொண்டு திரிபவனுக்கு இது வயிற்றுக் கணக்கு. குழல் நீண்டால் கருமருந்து எரிந்து முடிக்கவும் நேரம் கிடைக்கும். முன்னும் பின்னும் உள்ள குறிமுனைகளுக்கு இடைவெளி கூடுவதால் குறியும் பிசகாது.

மருந்து என்றுதான் நாமும் சொல்கிறோம். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, துப்பாக்கியில் கெட்டிப்பதும் மருந்து. நம் ஊரில் மலையடிவாரக் கிராமங்களில் பயிர்க்காவலுக்கு உரிமம் வாங்கி வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கியும் இப்படி வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் வகைதான். அதைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னபோது, சுத்தியல்போல் விழும் அந்த உறுப்பை எங்கள் மொழியில் குதிரை என்போம் என்றேன். ஆங்கிலத்தில் அது சேவல். சேவல் கொத்துகிறது, குதிரை உதைக்கிறது. எங்களுடையதுதான் பொருத்தம் என்று வாதாடினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சக்கிமுக்கிக் கல்லை அலகில் கவ்விக்கொண்டு முன்னே பாய்ந்து எஃகுத் தகட்டைக் கொத்துவதைக் காட்டினார். தீப்பொறி பறந்தது. சரி, இந்த ஒரு துப்பாக்கிக்குச் சேவல்தான் என்று விட்டுக்கொடுத்தேன்.

நம் நாட்டுத் துப்பாக்கிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் குழலுக்கு உள்ளே இருக்கிறது. நம்முடையது உள்ளே வழுவழுப்பு. இதன் உட்சுவரில் நீளவாக்கில் ஏழு காடிகள் (பள்ளக் கோடுகள்), முறுக்கிய கயிற்றின் புரிபோல மெல்லச் சுழன்று போகின்றன. சுமார் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதாவது 44 அங்குலக் குழலில் ஒரு சுற்றுகூட முழுதாக முடிவதில்லை. ஒரு சுற்றுக்குச் சற்றே குறைந்த அந்தத் திருகலே குண்டைப் பம்பரம்போல் சுழல வைத்து, அலையாமல் நேராகக் கொண்டுபோகிறது. வழுவழுப்பான குழலுள்ள படைத் துப்பாக்கியால் 100 கஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டம். கைதேர்ந்தவனிடம் இது 200 கஜத்துக்கும் சொன்னபடி கேட்டது.

சரி, ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள, சுண்டுவிரல்கூடச் சரியாக நுழையாத ஓட்டைக்குள், மின்சாரம் இல்லாத காலத்தில், சுழன்றுகொண்டே போகும் காடியை எப்படி வெட்டினான்? நான் கேட்க வந்த கேள்வியே அதுதான். குழலுக்கு முழு இரும்பைத் துளைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். தடித்த இரும்புப் பட்டையை உலையில் வெள்ளைச் சூட்டுக்குக் காய்ச்சி, ஓர் இரும்புக் கம்பியைச் சுற்றி மடித்து, சில அங்குலங்களாக அடித்து ஒட்டிக்கொண்டே போக வேண்டும். சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் இரும்பே எரிந்துவிடும். ஓர் அங்குலம் ஒட்டாமல் போனாலும் என்றாவது ஒருநாள் சுடுபவனின் முகத்தருகே அது வெடிக்கும். பிறகு நீண்ட துரப்பணங்களால் உள்ளே கடைந்து நேராக்க வேண்டும். இதுவரை எனக்கு விளங்கியது. உலை வேலை எனக்கு வராது, ஆனால் தெரியும்.

காடி வெட்டும் பலகை மட்டும் நான் எங்கும் பார்க்காதது. ஆறேழு அடிக்கு மேல் நீளமான மரச் சட்டம். அதன்மேல் கையளவு பருமனுள்ள ஒரு மர உருளை. உருளையின் மேனியில் திருகலாகக் காடிகள் செதுக்கியிருக்கின்றன. ஒரு பலகையில் பற்கள் வைத்து, அந்தப் பற்கள் உருளையின் காடிகளில் உட்கார்கின்றன. எனவே உருளையை முன்னே தள்ளினால் அது தானாகவே திருகிக்கொண்டுதான் போக முடியும். உருளையின் முனையில் ஹிக்கரி மரக் கம்பி. கம்பியின் நுனியில், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய எஃகு ரம்பப் பல். குழலைச் சட்டத்தின் மறுமுனையில் கட்டிவிட்டு, உருளையைப் பிடித்துத் தள்ளி இழுத்தால், வெளியே உருளை எப்படித் திருகுகிறதோ அப்படியே உள்ளே பல் திருகி இரும்பைச் சுரண்டிக்கொண்டு வருகிறது. மரத்தில் செதுக்கிய திருகல் இரும்புக்குள் படியெடுக்கப்படுகிறது. நாற்பது ஆண்டுகள் இயந்திரங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். அதைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு காடியில் ஓர் இழுப்பு, உருளையை அடுத்த பல்லுக்கு மாற்றி அடுத்த காடியில் ஓர் இழுப்பு. ஏழும் ஒரு சுற்று முடிந்தால்தான் ஆழத்தைக் கூட்டுவேன்" என்றார். ஆழத்தை எப்படிக் கூட்டுவீர்கள் என்று கேட்டேன். எங்கோ ஓர் அளவுத் திருகாணி இருக்கும் என்று தேடினேன். அவர் கம்பியின் நுனியிலிருந்து அந்தப் பல்லைத் தூக்கினார். அதன் அடியில், கம்பியில் வெட்டிய சிறு குழியில், நகம் அளவுக்கு வெட்டிய செய்தித்தாள் துண்டுகள் அடுக்கியிருந்தன. பல் வெட்டுவது நின்றுபோனால் அடியில் இன்னொரு துண்டை வைக்கிறார். பல் ஒரு காகிதத்தின் கனத்துக்கு மேலே எழும்புகிறது. மறுபடி ஏழு காடிகள். மறுபடி ஒரு துண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் செய்ததும் இப்படியேதான். காடி கால் மில்லிமீட்டர் ஆழத்தை எட்டும்வரை, நூற்றுக்கணக்கான இழுப்புகள்.

நான் வேலை செய்த இடத்தில் மைக்ரான் கணக்கில் இறங்கும் இயந்திரங்களுக்குக் கோடிக்கணக்கில் செலவழித்தார்கள். அதில் ஒன்று வந்திறங்கிய அன்று பூசணிக்காய் உடைத்தோம். ஆனால் அவசரத்துக்கு அச்சு சரியாக உட்காராதபோது நாங்களும் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளைத்தான் கிழித்து அடியில் வைப்போம். முதலாளி வந்தால் மறைத்துவிடுவோம். குறுக்கு வழி என்று கூச்சப்பட்டுச் செய்ததைக் கண்ணெதிரே ஒருவர் சாஸ்திரமாகச் செய்கிறார்.

"இழுத்துப் பார்க்கிறீர்களா?" என்று உருளையை என்னிடம் நீட்டினார். "ஒரே ஒரு விஷயம். நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அந்த இடத்தில் பல் மேடு விட்டுவிடும்."

இழுத்தேன். மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் மூச்சு வாங்கியது. கை தானாக நின்றுவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் வாத்தியாரும் ஒன்றும் சொல்ல மாட்டார். உருளையை வாங்கி அதே காடியில் இன்னும் நான்கு இழுப்பு இழுத்து என் தவறை அழித்துவிட்டு, பல்லில் ஒட்டியிருந்த இரும்புச் சுருளைத் தட்டி என் உள்ளங்கையில் போட்டார். புருவ முடிபோல் இருந்தது.

குண்டு இந்தக் காடிகளைத் தொடுவதே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. கொழுப்பு தடவிய துணித் துண்டில் அதைப் பொதிந்து, கம்பியால் அடிவரை தள்ளுகிறார்கள். துணிதான் காடியைக் கவ்விக்கொண்டு குண்டைச் சுழற்றுகிறது. வாயை விட்டு வெளியே வந்ததும் துணி உதிர்ந்துவிடும். அந்தத் துணிகளை வைத்துக்கொள்ளத்தான் கட்டையின் பின்புறத்தில் பித்தளை மூடியோடு ஒரு சின்ன அறை. தொடக்கத்தில் மர மூடிதான் இருந்தது. அமெரிக்காவுக்கு வந்தபின் கீல் வைத்த பித்தளை மூடியாகி, அதைச் சுற்றிப் பூவும் கொடியுமாக வெட்டு வேலை செய்யும் போட்டியாகவே மாறிவிட்டது. லாங்காஸ்டர்காரர்களுக்கு டெய்சிப் பூ. எந்த வட்டாரத்தில் செய்தது என்பதை மூடியை வைத்தே சொல்லிவிடுகிறார்கள், சேலைக் கரையைப் பார்த்து ஊர் சொல்வதுபோல.

கட்டை, மேப்பிள் மரம். அதிலும் இழை நேராக ஓடாமல் அலையலையாக மடிந்து வளர்ந்த மரத்தைத் தேடி எடுத்தார்கள். புலிவரிபோல் குறுக்குக் கோடுகள் மின்னும். எந்தத் தச்சனும் முதலில் ஒதுக்கும் மரம் இது. இழைப்புளி ஓட்டினால் ஒரு மடிப்பில் சீவும், அடுத்த மடிப்பில் பிய்க்கும். அந்த மரத்தில் குழலின் வாய்வரைக்கும் நீளும் ஒரே கட்டை. குழலை ஏந்தும் இடத்தில் அதன் ஓரங்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். குழலுக்குக் கீழே தள்ளுகம்பி போவதற்கு ஒரு துளை. மேலே குழல், கீழே வெளிப்புறம், இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான மரத்தில் நீளத் துரப்பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செலுத்துவதுபோல்தான். இலேசாக விலகினால் குழல் பள்ளத்துக்குள் போய்விடும். இந்தப் பக்கம் விலகினால் வெளியே வந்துவிடும். பல நாள் செதுக்கிய கட்டை அடுப்புக்குத்தான். அவருடைய அடுப்பருகே அப்படி மூன்று கட்டைகள் கிடந்தன. காட்டி, "வகுப்புக் கட்டணம்" என்றார்.

குழலை மரத்தில் பொருத்த விளக்குக் கரி பூசுகிறார்கள். பூசி அழுத்தி எடுத்தால் கரி பட்ட இடம் மேடு. அங்கே மட்டும் சீவ வேண்டும். நாங்கள் டூல்ரூமில் நீல மை பூசிச் செய்வது இதுவேதான். பழைய துப்பாக்கியின் பூட்டை, அதாவது சேவலும் எஃகுத் தகடும் சேர்ந்த பொறியைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த பள்ளத்தைக் காட்டினார். இரும்பின் ஒவ்வொரு முனைக்கும் விளிம்புக்கும் அச்சு எடுத்ததுபோல் மரத்தில் இடம் இருந்தது. கரியின் கறுப்புகூட இன்னும் இருந்தது. பூட்டு மட்டும் உள்ளூர் வேலையாக இருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்த பூட்டுகளை வாங்கிப் பொருத்துவது வழக்கம்தான் என்றார். பிறகு நிறம். வெடியுப்புத் திராவகத்தில் இரும்புத் தூளைக் கரைத்து மரத்தின்மேல் பூசி, அனலில் காட்டினால் வெளிறிய மேப்பிள் கண்ணெதிரே செம்பழுப்பாகி, புலிவரிகள் எழுந்து நிற்கும். அந்தத் திராவகம் காய்ச்சுவதும் வெடியுப்பிலிருந்துதான், உள்ளே கெட்டிக்கும் மருந்தில் முக்கால் பங்கும் அதே வெடியுப்புதான். சுடுவதற்கும் சிங்காரத்துக்கும் ஒரே சரக்கு.

கன்னம் படியும் இடத்தில் எட்டு முனை வெள்ளி நட்சத்திரம் ஒன்று பதித்திருக்கிறது. நானறிந்த எந்தக் காரணமும் அதற்குப் பொருந்தவில்லை. ஈயத்தை எண்ணி எண்ணிச் செலவழித்தவன் வெள்ளிக்கு ஏன் காசு கொடுத்தான்? வெயிலில் மின்னி மானை விரட்டாதா? பெரியவர் தோளைக் குலுக்கினார். சுடும்போது கன்னம் அதை மூடிவிடும் என்றார். ஆகவே அது யாருக்குத் தெரியும் என்றால், கன்னத்துக்குத்தான் தெரியும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. இந்தத் துப்பாக்கியின் புகழெல்லாம் மேற்கே நகர்ந்துகொண்டே போன எல்லையோடு ஒட்டியது. அந்த எல்லையின் மறுபக்கத்தில் மனிதர்கள் வாழ்ந்தார்கள். இதே லாங்காஸ்டரில் 1763 டிசம்பரில், கானஸ்டோகா என்னும் பூர்வகுடி மக்களின் ஊரில் எஞ்சியிருந்த 20 பேரை, எல்லைப்புறத்தார் கூட்டமொன்று இரண்டே வாரத்துக்குள் கொன்று தீர்த்தது. முதலில் ஊரில் ஆறு பேர். பிறகு, காப்பாற்றுகிறோம் என்று நகரத்துக் காவற்கூடத்தில் வைத்திருந்த பதினான்கு பேர், குழந்தைகள் உட்பட. அந்த நகரத்தில் அப்போதே துப்பாக்கிப் பட்டறைகளில் அரம் ஓடிக்கொண்டிருந்தது. பூர்வகுடிகளும் இந்த நீளத் துப்பாக்கியை விரும்பி வாங்கினார்கள், நன்றாகச் சுட்டார்கள் என்பதும் உண்மை. செய்தவனுடைய கைக்கும் சுட்டவனுடைய கைக்கும் நடுவே கோடு கிழித்துக்கொண்டு ரசிக்க முடியுமா என்று காரில் வரும்போது மகன் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

திரும்பும் முன் பெரியவர் ஒரு கதை சொன்னார். நாசரேத் ஊருக்குப் பக்கத்தில் கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் என்ற மொராவியச் சபைக் குடியிருப்பில் கிறிஸ்டியன் ஓர்ட்டர் என்றொரு கைதேர்ந்த கொல்லர் இருந்தார். (அதே மொராவியச் சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியிருந்தார்கள் என்று நான் குறுக்கே சொல்ல, அவர் அந்த ஊர்ப் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்தார்.) ஓர்ட்டர் 1775இல் செய்து பெயரும் ஆண்டும் பொறித்த துப்பாக்கி ஒன்று, 1971இல் வேலி ஃபோர்ஜ் பூங்காவின் கண்காட்சியிலிருந்து திருடுபோயிற்று. போனது போனதுதான் என்று எல்லாரும் மறந்துவிட்ட பிறகு, 2018இல் ஒரு பழம்பொருள் வியாபாரியின் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் முதலில் அதை நகல் என்றே நினைத்தாராம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழற்றிப் பார்த்தபோதுதான் அசல் என்று தெரிந்தது. இப்போது அது பிலடெல்பியாவில் அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்துவிட்டது. வெளியே பார்த்து ஏமாந்த கண், உள்ளே பார்த்ததும் தெளிந்துவிட்டது. அடிப்பட்டையில் அரத்தின் குறுக்குத் தடம் அதிலும் இருந்திருக்குமா என்று கேட்டேன். "இருந்திருக்கும். நானும் விடுகிறேன்" என்றார்.

விடைபெறும்போது அவர் மேஜையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து, அந்த இரும்புச் சுருளை அதில் மடித்துக் கொடுத்தார். மூக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். கோயம்புத்தூர் வந்து சேர்வதற்குள் சுருள் துருப்பிடித்துக் காகிதத்தில் ஒரு செம்பழுப்புக் கோடு விழுந்திருந்தது. காகிதம் ஏதோ உள்ளூர் செய்தித்தாளின் விளம்பரப் பகுதி. ஒரு பக்கம் வைக்கோல் கட்டு விலை, மறுபக்கம் பாதி எழுத்து. அலமாரியிலிருந்து என் பழைய மைக்ரோமீட்டரை எடுத்துத் துடைத்து, துருப்படாத ஓரத்தை அதில் வைத்து மெல்லத் திருகினேன். 0.07 மில்லிமீட்டர். நம்பிக்கை வராமல் இரண்டாம் முறையும் அளந்தேன். மூன்றாம் முறை மகளைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். அவளுக்கும் அதே அளவுதான் வந்தது.